வாக்காளர் சேவைகள்: நான்கு மாவட்டங்களில் ஒரே குடும்பத்தின் அனுபவம்

தமிழ்நாட்டின் 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் எழுதுவது இது. 38 மாவட்டங்கள், 234 தொகுதிகள். எந்தக் கூட்டணிக்கு யார் போவார்கள், யாருக்கு எத்தனை இடம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. வாக்களிக்கும் நாள்வரை நம்மைக் கொண்டு சேர்ப்பதற்காகத் தேர்தல் ஆணையம் நடத்தும் சேவைகள் சில இருக்கின்றன: இணையதளம், செயலி, 1950 என்ற தொலைபேசி எண், வீடு தேடி வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், முதியவர்களுக்கான வீட்டு வாக்குப்பதிவு. இவற்றை என் குடும்பத்துக்காகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இருப்பது கும்பகோணத்தில். அம்மா மன்னார்குடியில் தம்பி வீட்டில் இருக்கிறார். மகன் கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் வாடகைக்கு இருக்கிறான். தங்கையின் பேத்தி விருதுநகரில் பள்ளியிறுதி படிக்கிறாள். ஒரே குடும்பம், நான்கு மாவட்டங்கள், நான்கு விதமான தேவைகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டில், ஒரே தெருவில், பல காலமாக இருப்பவருக்கு இந்தச் சேவை நன்றாகவே வேலை செய்கிறது. 85 வயதைக் கடந்தவருக்கு அதைவிட நன்றாக. இந்த இருவருக்கும் ஐந்துக்கு நான்கரை தருவேன். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதலில் பெயர் தேடும் வசதி. இந்த ஆண்டு இதைத்தான் எல்லோரும் முதலில் பயன்படுத்த வேண்டும். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு (வாக்காளர் பட்டியல் முழுவதையும் வீடு வீடாகச் சரிபார்க்கும் பணி அது), டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. அதற்கு முன் 6.41 கோடி வாக்காளர்கள் இருந்த பட்டியலில், அந்த வரைவில் 5.43 கோடிப் பெயர்கள்தாம் இருந்தன. 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. அவற்றில் இறந்தவர்கள் உண்டு, இரண்டு இடங்களில் பதிவானவர்கள் உண்டு. ஆனால் மிகப் பெரிய பங்கு, குடிபெயர்ந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். குடிபெயர்ந்தவர் எங்கேயோ ஓர் ஊரில் உயிரோடு இருக்கிறார்; அவருக்கு வாக்கும் உண்டு. அவர் இருக்கும் ஊரில் பெயர் சேராவிட்டால் அந்த வாக்கு எங்கும் இல்லாமல் போய்விடும். ஆகவே, "போன தேர்தலில் போட்டேனே, பெயர் இருக்கும்" என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

இணையதளத்தில் மூன்று வழிகளில் தேடலாம். வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம், பதிவு செய்த கைபேசி எண்ணைக் கொடுத்துத் தேடலாம், பெயர், உறவினர் பெயர், வயது, மாவட்டம், தொகுதி ஆகியவற்றைக் கொடுத்தும் தேடலாம். அட்டை எண் கையில் இருந்தால் மற்ற இரண்டு பக்கமும் போகாதீர்கள். சில நொடிகளில் தொகுதி, பாகம் எண் (தொகுதிப் பட்டியலில் நம் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின் எண்), வரிசை எண், வாக்குச்சாவடியின் முகவரி எல்லாம் வந்துவிடும். அம்மாவின் பெயரும் என் பெயரும் அப்படித்தான் கிடைத்தன. அந்தப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடியில் அலுவலர் கேட்பது அந்த எண்களைத்தான்.

பெயரைக் கொடுத்துத் தேடுவது நம் ஊருக்குக் கடினம். காரணம் நம்முடைய தலைப்பெழுத்து. தபால் பிரித்த காலத்தில் இதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஒருவரே வங்கியில் 'ரா. முருகேசன்', ஆதாரில் 'முருகேசன் ரா', பத்திரத்தில் 'ராமலிங்கம் மகன் முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் ராமலிங்கம்'. வாக்காளர் பட்டியலில் தலைப்பெழுத்தே இல்லாமல் முருகேசன் என்று மட்டும் இருக்கும். தந்தை பெயர் பக்கத்தில் தனியாக இருக்கும். ஆகவே தேடும்போது தலைப்பெழுத்தை விட்டுவிட்டு வெறும் பெயரை மட்டும் போடுங்கள். திருமணமான பெண்களுக்குத் தந்தை பெயரிலும் கணவர் பெயரிலும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடினால் எழுத்துக்கூட்டல் பத்து விதமாக வரும். தமிழில் தேடுவது நல்லது.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் பாகம் வாரியாக முழுப் பட்டியலையும் பதிவிறக்கி, நம் தெருவை வரிசையாக வாசித்துவிடலாம். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெயர், எதிர் வீட்டுப் பெயர் என்று பார்த்துக்கொண்டே போகும்போது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. எங்கள் தெருவில் இருவரிடம் போய்ச் சொல்ல அதுவே உதவியது. நீக்கப்பட்டவர்களின் பட்டியலும் காரணத்தோடு தனியாக வெளியிடப்பட்டிருக்கிறது. அதையும் சேர்த்து வாசியுங்கள்.

பழைய பட்டியலைத் தேடும் வசதி தனி. இந்தத் திருத்தத்தில் 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் நம் பெயரோ, பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தத் தொடர்பைக் காட்ட முடியாதவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. ஆவணங்களை எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போக வேண்டியிருந்தது. பழைய பட்டியலை இணையத்தில் வைத்திருப்பது பெரிய உதவி. ஆனால் அதைத் தேடுகிறவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அந்தப் பட்டியல்கள் 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தியவை. எங்கள் பக்கத்தில் அப்போது வலங்கைமான் என்று ஒரு தொகுதி இருந்தது, இப்போது இல்லை. கோவையில் கிழக்கு, மேற்கு என்று இருந்தவை போய் வடக்கு, தெற்கு வந்துவிட்டன. இன்றைய தொகுதியின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு 'பெயர் இல்லை' என்று மனம் உடைந்தவர்கள் எத்தனை பேரோ. அந்தக் காலத்தில் எந்த ஊரில் குடியிருந்தோம், அந்த ஊர் அப்போது எந்தத் தொகுதியில் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய ஊரைச் சொன்னால் அன்றைய தொகுதியைக் காட்டும் ஒரு சிறு அட்டவணையைத் தேடும் பக்கத்திலேயே வைத்திருந்தால் போதும்.

நான் அப்போது பட்டுக்கோட்டையில் வேலையில் இருந்தேன். அஞ்சலகக் குடியிருப்பு முகவரியில் என் பெயரும் மனைவியின் பெயரும் இருந்தன. கிடைத்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். அந்த ஒரு வரிதான் பிறகு கோவையில் இருக்கும் மகனுக்குக் கைகொடுத்தது.

மகன் கதைக்கு வருகிறேன். இந்த மதிப்பீட்டில் எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

அவன் பெயர் கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முகவரியில் இருந்தது. திருத்தப் பணிக்கான கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது அவன் கோவைக்குப் போய்விட்டதை உள்ளபடி சொன்னேன். வரைவுப் பட்டியலில் 'குடிபெயர்ந்தவர்' என்று நீக்கியிருந்தார்கள். அது சரியானதே. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்து, வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. அதே படிவத்தில்தான் பிழைத் திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது ஆகிய மூன்றும் வருகின்றன. ஆனால் வரைவுப் பட்டியலில் பெயரே இல்லை என்றால் படிவம் 8 பயன்படாது. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்து, அதோடு உறுதிமொழிப் படிவத்தையும் இணைக்க வேண்டும். அந்த உறுதிமொழியில் பழைய பட்டியல் விவரம் கேட்பார்கள். அங்கேதான் என் பட்டுக்கோட்டை வரி வந்து சேர்ந்தது.

இதில் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் உறவினர் ஒருவர் தன் ஊரில் ஒரு கணினி மையத்துக்குப் போனார். அவருடைய பெயர் பட்டியலில் இருந்தது. வீட்டு எண் மட்டும் மாற வேண்டும். அங்கே இருந்தவர் படிவம் 6-ஐ நிரப்பி அனுப்பிவிட்டு, அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறார். இந்தப் படிவங்கள் எதற்கும் பணம் கிடையாது. ஏற்கெனவே பதிவான ஒருவர் புதிய வாக்காளர் என்று கையெழுத்திடுவது பொய்யான உறுதிமொழியாகக் கருதப்படலாம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு அதற்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை என்கிறது. பிறர் கையில் கைபேசியைக் கொடுத்து ஓ.டி.பி. சொல்வதற்கு முன், எந்த எண் படிவம் திறந்திருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படிவத்தை நிரப்புவது எளிது. கைபேசி எண்ணில் நுழைந்து, தமிழிலேயே நிரப்பலாம். நிரப்பி முடித்ததும் ஒரு குறிப்பெண் வருகிறது. அந்த எண்ணை வைத்து விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பதிவுத் தபாலுக்கு ரசீது கொடுத்தே வாழ்ந்தவன் நான். கையில் ஓர் எண் இருப்பதன் அருமை எனக்குத் தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே தாளில் கொடுப்பதைவிட இணையத்தில் கொடுப்பதைப் பரிந்துரைப்பேன்.

முட்டுக்கட்டை முகவரிச் சான்றில் வருகிறது. ஏற்றுக்கொள்ளும் சான்றுகள் இவை: குறைந்தது ஓராண்டாக வரும் தண்ணீர், மின்சார அல்லது எரிவாயு ரசீது, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட், நில ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம். சொந்த வீட்டுக்காரரிடம் இவற்றில் குறைந்தது நான்கு இருக்கும். வாடகைக்காரரை எண்ணிப் பாருங்கள். மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில். தண்ணீரும் அப்படியே. ஆதாரில் சொந்த ஊர் முகவரி. வங்கிப் புத்தகம் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த முகவரியில். வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டது, பதிவு செய்யப்படாதது. பதிவு செய்ய உரிமையாளர்கள் முன்வருவதில்லை. கோவையிலும் திருப்பூரிலும் காம்பவுண்டு வீடுகளில் குடியிருக்கும் ஆயிரமாயிரம் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதோடு சரி.

ஆவணம் எதுவும் இல்லையென்றால் அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த விசாரணை நடக்கும் நேரத்தில் இவர் வீட்டில் இருக்க வேண்டும். பகல் ஷிப்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டால் கதவு பூட்டியிருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டால் "புதிதாக வந்தவர்கள், தெரியாது" என்பார்கள். ஆகவே வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டு, அதன் பிறகு படிவம் கொடுங்கள். மகன் அதைத்தான் செய்தான். அப்படிச் செய்தும், வாக்குரிமைக்கு முன்னால் இன்னோர் அலுவலகத்தின் வேலையை முடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. வீட்டு உரிமையாளரின் கையெழுத்துள்ள கடிதத்தையும் வேலை செய்யும் நிறுவனத்தின் சான்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்கலாம் என்று ஆணையம் ஒரு வரி சேர்க்கட்டும். நேரில் வந்து சரிபார்க்கத்தான் அலுவலர் இருக்கிறாரே.

அந்த அலுவலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற நீளமான பெயரை மக்கள் பி.எல்.ஓ. என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், ஊராட்சி அல்லது வருவாய்த் துறை ஊழியர். தங்கள் வழக்கமான வேலையோடு இதையும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்த அம்மையார் அங்கன்வாடிப் பணியாளர். மழைக்காலம், எங்கள் பக்கம் நவம்பரில் தெருவில் தண்ணீர் நிற்கும். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் படிவங்களை வைத்துக்கொண்டு, இரண்டு பிரதியும் கொடுத்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று வாசலில் நின்று சொல்லிக்கொடுத்து, திரும்ப வந்து வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியில் ஒப்புகை எழுதிக் கொடுத்தார். தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், எந்த வீட்டுப் பெண் திருமணமாகிப் போய்விட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வீடு வீடாகப் போகும் வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன், இந்தச் சேவை முழுவதிலும் மிக மதிப்புள்ள பகுதி இவர்கள்தாம். உங்கள் பாகத்துக்கு யார் அலுவலர் என்பதையும் அவரது எண்ணையும் இணையதளத்திலேயே பார்க்கலாம். அவரைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லிப் பதிவு செய்யும் வசதியும் வந்திருக்கிறது. பழைய செயலிகள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை 'ஈசிநெட்' என்ற ஒரே செயலிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். புதிதாகப் பதிவிறக்குபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இணையம் வேண்டாம் என்பவர்களுக்கு 1950. இது மாவட்ட அளவில் இயங்கும் எண். வேறு மாவட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. குறியீட்டை முன்னால் சேர்த்து அழையுங்கள். கும்பகோணத்திலிருந்து கோவை விஷயத்தைக் கேட்க இதுதான் வழி. கேள்வியைச் சுருக்கமாக, அட்டை எண்ணோடு கேட்டால் பதிலும் சுருக்கமாகக் கிடைக்கிறது.

விருதுநகர்ப் பேத்திக்கு 2026 மார்ச்சில் 18 வயது நிறைகிறது. பெயர் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளைத் தகுதி நாள் என்கிறார்கள்; 2022 முதல் அது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 வயது நிறைந்ததும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அவள் விண்ணப்பித்துவிட்டாள். ஆனால் ஏப்ரல் 1 தகுதி நாளுக்குத்தான் அவள் பெயர் சேரும்; வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் அதற்கு முன்பே முடிந்துவிட்டால் இந்தத் தேர்தலில் அவளுக்கு வாக்கில்லை. அந்தக் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரும் சேராது, நீங்காது என்பது சட்டம். விண்ணப்பம் வந்த பிறகு ஆட்சேபணைக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசி வாரத்தில் கொடுக்கப்படும் படிவம் அடுத்த தேர்தலுக்குத்தான் பயன்படும்.

இனி அம்மாவின் விஷயம். அவர் 1940-இல் பிறந்தவர். 2021 ஏப்ரல் 6 தேர்தலின்போது 80 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே வாக்களிக்கும் வசதி தமிழ்நாட்டில் கிடைத்தது. வீட்டு வாக்குக்கு விண்ணப்பிக்கும் படிவம் 12-டி-ஐ பி.எல்.ஓ. கொண்டுவந்து கொடுத்தார். நிரப்பித் திருப்பிக் கொடுத்தோம். முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு ஒரு குழு வந்தது. அலுவலர்கள், காவலர், ஒளிப்பதிவாளர். அட்டைப்பெட்டி மறைப்பை மேசைமேல் வைத்து, எங்களையெல்லாம் கூடத்திலிருந்து வெளியே போகச் சொன்னார்கள். அம்மா வாக்குச்சீட்டில் குறியிட்டு, மடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் யாருக்குப் போட்டார் என்று தெரியாது. நான் கேட்டதும் இல்லை. காலையிலேயே குளித்துச் சுங்குடிச் சேலை உடுத்திக் காத்திருந்தார். காபி கொடுத்தார், பணிவாக மறுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2024 மார்ச்சில் வயது வரம்பை 85 ஆக உயர்த்தினார்கள். அம்மாவுக்கு அப்போது 84. மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டிலிருந்தே வாக்களித்தவர், உடல் இன்னும் தளர்ந்த பிறகு, ஏப்ரல் 19 வெயிலில் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சக்கர நாற்காலி இருந்தது, சாய்தளம் இருந்தது, வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே அனுப்பினார்கள். அதற்கெல்லாம் நன்றி. இருந்தாலும், ஒரு முறை கொடுத்த வசதியை அதே ஆளிடமிருந்து திரும்ப எடுப்பது முறையல்ல என்று நினைக்கிறேன். முன்பு அந்த வசதியைப் பெற்றவர்களுக்கு மட்டுமாவது தொடர்ந்திருக்கலாம். இப்போது அம்மாவுக்கு 85 தாண்டிவிட்டது. மீண்டும் தகுதி வந்துவிட்டது.

இந்த வசதியைப் பெற நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12-டி போய்ச் சேர வேண்டும். கெடு மிகக் குறுகியது. எனவே தம்பியிடம் இப்போதே அந்தப் பகுதி அலுவலரிடம் பேசி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது, வீட்டு வாக்குக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது. மாற்றுத்திறன் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் இதே வசதி உண்டு. இடையில் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள்: எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவர், சிகிச்சையில் இருப்பவர். மாற்றுத்திறனாளிச் சான்று இல்லாததால் அவர்களுக்கு எந்த வழியும் இல்லை. அரசு மருத்துவரின் சான்றை ஏற்றுக்கொண்டு அவர்களையும் சேர்க்க வேண்டும்.

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் பார்க்கும் வசதியை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் படிவம் 26-இல் வேட்பாளரே உறுதிமொழியோடு எழுதிக் கொடுத்தவை. உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்புச் சொல்லித்தான் இது நமக்குக் கிடைத்தது. மனு தாக்கல் செய்ததும் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் முத்திரைத்தாளைப் படமெடுத்த பக்கங்களாக வருவதால் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரும் வேலை. நான் எங்கள் தொகுதிக்கு உரியவற்றை அச்செடுத்து, வழக்குப் பக்கத்தையும் சொத்துப் பக்கத்தையும் மட்டும் தனியாகக் கட்டி வைப்பேன். தெருவில் கேட்பவர்களுக்குக் கொடுப்பேன். சி-விஜில் செயலியும் உண்டு. தேர்தல் தேதி அறிவித்த பிறகுதான் இயங்கும். பணப் பட்டுவாடா போன்ற விதிமீறலை அந்த இடத்திலிருந்தே, செயலியின் வழியாகவே படம் எடுத்து அனுப்ப வேண்டும். முன்பே எடுத்து வைத்த படத்தை ஏற்காது. பெயரை வெளியிடாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு.

அட்டை விரைவுத் தபாலில் வருகிறது. என் பழைய துறையின் வேலை என்பதால் ஒரு வேண்டுகோள். முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். தெரு, குறுக்குத்தெரு, சந்து என்பதைப் பிரித்து எழுதுங்கள். கோயிலோ ரேஷன் கடையோ அருகில் இருந்தால் அதையும் சேருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு சரியாக இருக்கட்டும். கைபேசி எண் கட்டாயம் வேண்டும். முகவரி சரியாக இருந்தால் தபால்காரர் எப்படியும் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்; புதுமுகமாக இருக்கும் வாடகைக்காரர்களுக்குத்தான் கதவு எண் பிழையால் அட்டை திரும்பிப் போகிறது.

வாக்குப்பதிவு நாளுக்கு முன் தகவல் சீட்டு வீட்டுக்கு வரும். அது வாக்குச்சாவடியைக் காட்டும் சீட்டு மட்டுமே. 2019 முதல் அது அடையாளச் சான்று அல்ல. அட்டை இல்லாதவர்கள் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, புகைப்படம் உள்ள வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் கொண்டுபோகலாம். எது இருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் கூடாது என்று குறைத்திருக்கிறார்கள், முன்பு 1,500. எனவே நீங்கள் வழக்கமாகப் போகும் பள்ளிக்கூடமே மாறியிருக்கலாம், பாகம் எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். இயந்திரத்தில் வேட்பாளரின் வண்ணப் படமும் பெரிய எழுத்தில் வரிசை எண்ணும் வருகின்றன. கண்புரை உள்ள என் மனைவிக்கு இது உதவும். யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு நொடி தெரியும். அவசரப்படாமல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கோவையில் மகனோடு வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்பது, அன்று லீவு கிடைக்குமா என்பது. வாக்குப்பதிவு நாளில் வாக்குரிமை உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். அப்படியும் தாமதமாகிவிட்டால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்றுவிடுங்கள். கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி எண்ணிட்ட சீட்டு கொடுப்பார்கள். சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வாக்களித்த பிறகுதான் இயந்திரத்தை மூடுவார்கள்.